நாட்காட்டித் தாளும் நூலக மேசைக் கடிதமும்



ஆண்டுதோறும் பங்குனி பிறந்துவிட்டால் இறுதியாண்டு மாணவர்கள் கையொப்பக் குறிப்பேடுகளோடு துறை வாசலில் வந்து நிற்பார்கள். "ஐயா, ஏதாவது நல்ல வாசகமா எழுதிக் குடுங்க" என்பார்கள். சிலர் பொருளையும் சேர்த்தே சொல்லிவிடுவார்கள். அன்பைப் பற்றி ஒருவனுக்கு வேண்டும், நன்றியைப் பற்றி ஒருத்திக்கு வேண்டும், நண்பனோடு சண்டையிட்டுக்கொண்டவனுக்கு மன்னிப்பைப் பற்றி வேண்டும். பதினெட்டு ஆண்டுகளாகத் தமிழ் கற்பிக்கும் நமக்கு இதில் பஞ்சமில்லை. வள்ளுவர் ஒருவரே போதும். ஆனால் இவ்வாண்டு ஒரு மாணவி குறிப்பேட்டை நீட்டிவிட்டு, நாம் பேனாவைத் திறப்பதற்குள், "ஐயா, இதையெல்லாம் படிச்சு நெசமாவே யாராவது மாறியிருக்காங்களா?" என்று கேட்டுவிட்டாள். கேலி அன்று, மெய்யாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். நாளை தருகிறோம் என்று சொல்லிக் குறிப்பேட்டை வாங்கி வைத்துக்கொண்டோம்.

மறுநாட் காலை வழக்கம்போல் சுவரிலிருந்த தினசரி நாட்காட்டியில் முந்தைய நாளின் தாளைக் கிழித்தோம். இராகு காலம், எமகண்டம், அவற்றின் அடியில் ஒரு பொன்மொழி. கிழிப்பதற்கு முன் படிக்கிறோமா, கிழித்த பின் படிக்கிறோமா என்பது கூட நமக்கு நினைவில்லை. அப்போதுதான், இதேபோன்ற ஒரு கிழிக்கும் நாட்காட்டியின் முன் படுத்துக் கிடந்த ஒரு ருஷ்ய முதியவரின் நினைவு வந்தது. மாணவியின் வினாவுக்கு விடை கூறத்தக்க ஒருவர் உலக இலக்கியத்தில் உண்டென்றால், அது அவராகத்தான் இருக்க முடியும்.

லியோ டால்ஸ்டாய். (சோவியத் வெளியீடுகளில் படித்து வளர்ந்த நண்பர்கள் 'தல்ஸ்தோய்' என்று எழுதினால்தான் ஒப்புவர். மூல ஒலிப்புக்கு அதுவே நெருக்கம் என்பதை அறிவோம். எனினும் நம் நாவில் பழகிவிட்ட வடிவத்தையே இங்கு ஆள்கிறோம்.)

1902-ஆம் ஆண்டின் இறுதியில் அவர் கடும் நோயுற்றுப் படுக்கையில் கிடந்தார். அகவை எழுபத்து நான்கு. படுக்கையறைச் சுவரில் அறிஞர் வாசகங்கள் அச்சிட்ட நாட்காட்டி ஒன்று தொங்கியது. நாளுக்கொரு தாளாக அதைப் படித்து வந்தார். ஆண்டு முடிந்தது, தாள்களும் தீர்ந்தன. புதியது கைவசம் இல்லை. தாமே ஒன்று தொகுத்துவிடுவது என்று நோய்ப்படுக்கையிலேயே தொடங்கிவிட்டார். அதுவே 'ஒவ்வொரு நாளுக்குமான அறிஞர் சிந்தனைகள்' என்னும் பொருளுடைய தலைப்போடு 1903-இல் நூலாக வெளிவந்தது.

இது நோயாளியின் பொழுதுபோக்கு என்று எண்ணிவிடலாகாது. வித்து மிகப் பழையது. 1884 மார்ச் மாத நாட்குறிப்பிலேயே, தமக்கென ஒரு வாசிப்பு வட்டத்தை வகுத்துக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருக்கிறார். எபிக்டெட்டசு, மார்க்கசு அரேலியசு, லாவோ த்சு, புத்தர், பாஸ்கல், புதிய ஏற்பாடு என்று பட்டியலும் அங்கே உண்டு. தமக்கு மட்டுமன்று, எல்லார்க்கும் அது தேவை என்ற குறிப்பும் உண்டு. அதே 1884-இல்தான் செர்த்கோவ் முதலிய நண்பர்களோடு சேர்ந்து 'பொஸ்ரெத்னிக்' என்ற பதிப்பகத்தையும் தொடங்கினார். 'இடையில் நிற்பவர்' என்று அதற்குப் பொருள். எழுத்தறிந்த குடியானவனும் வாங்கத்தக்க விலையில், ஒன்றிரண்டு கோப்பெக்குகளுக்கு, நல்ல நூல்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே அதன் நோக்கம்.

1903-இன் சிறு நூல் அவருக்கு நிறைவளிக்கவில்லை. 1904 முதல் அதை விரித்தெழுதத் தொடங்கினார். 1906-இல் 'வாசிப்பு வட்டம்' வெளிவந்தது. ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பொருள். அப்பொருளைச் சுற்றிப் பல நாட்டு அறிஞரின் வாசகங்கள். ஊடே டால்ஸ்டாயின் சொந்தச் சிந்தனைகள், அவற்றின் அடியில் பெயரில்லை. வார இறுதிக்கு ஒரு கதையோ கட்டுரையோ. 'போரும் அமைதியும்', 'அன்னா கரீனினா' ஆகியவற்றின் ஆசிரியர், தம் இறுதி ஆண்டுகளின் உழைப்பில் பெரும்பகுதியை இத்தொகுப்பிலும், இதன் வழிவந்த 'ஒவ்வொரு நாளுக்கும்', 'வாழ்க்கைப் பாதை' ஆகிய தொகுப்புகளிலும் செலவிட்டார் என்பது, அவருடைய நாவல்களை மட்டும் அறிந்த நம்மவர் பலருக்கும் வியப்பளிக்கக்கூடும். நாவலாசிரியர் டால்ஸ்டாயைக் காதலிப்பவர்கள் இந்நூல்களைக் கண்டுகொள்வதில்லை. சாரின் தணிக்கையாளர் சில பகுதிகளை வெட்டினர். புரட்சிக்குப் பின் வந்தவர்க்கு இந்நூலின் கடவுட் பேச்சு உவக்கவில்லை. 1928 முதல் 1958 வரை வெளிவந்த தொண்ணூறு தொகுதி முழுப்பதிப்பின் 41, 42-ஆம் தொகுதிகளில் அது ஆய்வாளர்க்கு மட்டுமே உரியதாக அடங்கிக் கிடந்தது. ஆங்கிலத்தில் அன்றாட வாசகங்கள் மட்டும் பீட்டர் செகிரின் மொழிபெயர்ப்பில் 1997-இல் வந்து, உலகெங்கும் விற்றன.

ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடம் காணும் மரபில் பயின்ற நமக்கு இந்நூலின் முன்னுரை சிறிது நெஞ்சைக் குத்துகிறது. மேற்கோள்களைத் தாம் சொல்லுக்குச் சொல் பெயர்க்கவில்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார். சுருக்கினார், சொற்களை விலக்கினார், சில இடங்களில் கருத்தைத் தம் சொற்களிலேயே வடித்துவிட்டார். ஜெர்மானியர் ஒருவரின் கூற்று ஆங்கிலத்தின் வழியே ருஷ்யத்துக்கு வந்ததும் உண்டு. அதற்கும் மேலே சென்று, இந்நூலை வேறு மொழியில் பெயர்ப்போர் மூலங்களைத் தேடிச் செல்ல வேண்டா, தம் ருஷ்ய வடிவத்தையே பெயர்க்கலாம் என்று அறிவுரையும் கூறுகிறார்! நம் மாணவர் எவரேனும் ஆய்வேட்டில் இப்படிச் செய்திருந்தால் நாம் கையெழுத்திட்டிருக்க மாட்டோம். அவருக்கோ, கான்ட் என்ன சொன்னார் என்பது முக்கியமன்று; அன்று காலையில் அதைப் படிப்பவன் என்ன ஆகிறான் என்பதே முக்கியம். மருந்துக்கு மூலிகை இடிப்பவன் இலையின் வடிவம் சிதைகிறதே என்று வருந்துவதில்லை.

சிதைவதில் சில வேளை உயிர்நாடியும் போய்விடுகிறது. அதற்குச் சான்று நம் வீட்டிலேயே இருக்கிறது.

1908 டிசம்பரில் டால்ஸ்டாய் ஒரு நீண்ட மடலை எழுதி முடித்தார். 'ஒரு இந்துவுக்குக் கடிதம்' என்று பின்னர்ப் புகழ்பெற்ற மடல் அது. வட அமெரிக்காவிலிருந்து 'ஃப்ரீ இந்துஸ்தான்' என்னும் இதழை நடத்திய தாரக்நாத் தாஸுக்கு எழுதப்பட்டது. அதில் வேத வாசகமும் விவேகானந்தர் வாசகமும் இருப்பதோடு, குறள் என்ற பெயரைச் சுட்டியே ஆறு குறட்பாக்களின் கருத்துகளும் இடம்பெற்றுள்ளன. ஆறும் 'இன்னா செய்யாமை' அதிகாரத்தைச் சேர்ந்தவை. அடுத்த ஆண்டு, 1909 அக்டோபரில், இலண்டனிலிருந்த காந்தி அம்மடலின் படி ஒன்றைக் கண்டு, இது தங்களுடையதுதானா, அச்சிட்டுப் பரப்பலாமா என்று டால்ஸ்டாய்க்கு எழுதினார். இசைவு வந்தது. தென்னாப்பிரிக்காவுக்குத் திரும்பும் கப்பலிலேயே அதைக் குஜராத்தியில் பெயர்த்தார். 1910-இல் ஜொகனஸ்பர்க் அருகே எழுந்த டால்ஸ்டாய் பண்ணையில் தமிழ்க் குடும்பங்களும் வாழ்ந்தன. ஆக, மதுரைப் பக்கத்து வாக்கு ஐரோப்பா சென்று, ருஷ்யா புகுந்து, கடல் வழியே மீண்டும் தமிழர் நடுவே வந்து நின்றது. பெருமிதத்தோடு இதை மேடைதோறும் சொல்கிறோம், சொல்ல வேண்டியதே.

ஆனால் அந்த ஆறனுள் ஒன்று 314-ஆம் குறள். தீமை செய்தவர் நாணும்படி அவர்க்கு நன்மை செய்வதே அவர்க்கான தண்டனை என்னும் பொருளில் அது அம்மடலில் உள்ளது. குறளின் கடைசிச் சொல் அங்கு இல்லை. விட்டுவிடுதல் என்பதன்றோ அச்சொல்? எதை விடுவது? பரிமேலழகர் அழகாக உரை காண்கிறார்: அவர் செய்த தீமை, நாம் செய்த நன்மை ஆகிய இரண்டையும் மறந்துவிடுவது. தீமையை மறப்பதை எல்லாச் சமயங்களும் சொல்கின்றன. மன்னித்தவன் தான் மன்னித்ததையும் மறக்க வேண்டும் என்பது அவ்வளவு எளிதில் கிட்டாத கூற்று. நீயும் நாணு, நானும் என் பெருந்தன்மையை நினைத்து மகிழ்கிறேன் என்று நின்றுவிட்டால் அது மன்னிப்பன்று, வேறொரு வகைக் கணக்குத் தீர்ப்பு. மொழிபெயர்ப்புகளின் வழியில் எந்த இடத்தில் அந்த ஒரு சொல் நழுவிற்றோ, டால்ஸ்டாயின் கைக்கு அது வந்து சேரவில்லை. அவருக்கு மிகத் தேவைப்பட்டது அந்தச் சொல்தான் என்பது நம் கருத்து.

ஏனெனில் அந்த வீட்டில் எதுவும் மறக்கப்படவில்லை. எல்லாம் எழுதி வைக்கப்பட்டன.

1862-இல் திருமணத்துக்குச் சில நாட்களுக்கு முன், முப்பத்து நான்கு அகவை டால்ஸ்டாய் தம் நாட்குறிப்புகளைப் பதினெட்டு அகவை சோஃபியாவிடம் படிக்கக் கொடுத்தார். இளமைக் களியாட்டங்கள், சூதாட்டம், தம் பண்ணைக் குடியானவப் பெண்ணோடு கொண்ட உறவு யாவும் அவற்றில் இருந்தன. ஒளிவு மறைவின்றி வாழ்வைத் தொடங்க வேண்டும் என்பது அவர் எண்ணம். நேர்மை என்றே அவர் நம்பினார். படித்த பெண் அழுதாள்; மன்னித்துவிட்டதாகச் சொன்னாள். ஆனால் அந்தக் காயம் ஆறவேயில்லை என்பதை அவளுடைய பிற்கால நாட்குறிப்புகள் மீண்டும் மீண்டும் காட்டுகின்றன. நாம் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறோம்: உண்மையைச் சொல்லித் தன் நெஞ்சை இலேசாக்கிக்கொள்பவன், அந்தப் பாரம் எங்கே போய் இறங்குகிறது என்று பார்ப்பதில்லை. அந்த நேர்மையில் சிறிது தன்னலமும் உண்டு.

அதன்பின் இருவரும் நாட்குறிப்பு எழுதினர். ஒருவரதை மற்றவர் படித்தனர். பதின்மூன்று குழந்தைகள் பிறந்தன. எட்டுப் பேரே வளர்ந்து ஆளாயினர். கணவரின் கிறுக்கலான கையெழுத்தைத் தெளிவாகப் படியெடுத்துத் தந்தவள் சோஃபியா. 'போரும் அமைதியும்' போன்ற பெரும் படைப்பின் பகுதிகளைத் திருத்தந்தோறும் திரும்பத் திரும்ப எழுதினாள். குழந்தைகள் உறங்கிய பின் மெழுகுவத்தி வெளிச்சத்தில் அமர்ந்து எழுதிய அந்த இரவுகளுக்கு உலக இலக்கியம் பட்ட கடன் சிறிதன்று. (நம்மூரில் ஏடுகளைப் படியெடுத்தவர்கள் இறுதியில் தம் பெயரை எழுதி வைப்பார்கள். அவளுக்கு அந்த வாய்ப்பும் இல்லை.)

1880-களில் டால்ஸ்டாயின் உள்ளம் திரும்பியது. செல்வம் பாவம், நிலவுடைமை பாவம், எழுத்துக்குப் பணம் பெறுவதும் பாவம் என்றாயிற்று. 1891-இல், 1881-க்குப் பின் எழுதியவற்றின் உரிமையைப் பொதுவாக்கினார். வீடு நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டிருந்த சோஃபியாவுக்கு இது புரியவில்லை என்று வாழ்க்கை வரலாற்றாளர் பலர் எழுதுவர். புரியாமல் என்ன? பாவமென்று அவர் கைகழுவியதைக் கையில் வாங்கிக்கொள்ள வேறு ஆளில்லாமையால், அவள் வாங்கிக்கொண்டாள். பிறகு, பொருளாசை பிடித்தவள் என்ற பெயரையும் வாங்கிக்கொண்டாள். 1895-இல் அவர்களுடைய கடைக்குட்டி வானிச்கா ஏழு அகவை நிறையுமுன் இறந்தான். அந்தத் துயரம் சில காலம் இருவரையும் நெருக்கியது, நீடிக்கவில்லை.

1910-ஆம் ஆண்டுக் கோடையை நினைத்துப் பார்ப்போம். எண்பத்திரண்டை நெருங்கிய முதியவர் 'வாழ்க்கைப் பாதை' நூலின் அச்சுப்படிகளைத் திருத்திக்கொண்டிருக்கிறார். அதில் அன்பைப் பற்றி ஒரு பகுதி உண்டு. அதே கோடையில், ஜூலை 22 அன்று, காட்டில் ஒரு மரத்தின் வெட்டுக்கட்டைமேல் அமர்ந்து, மனைவி அறியாமல் உயிலில் கையெழுத்திடுகிறார். படைப்புரிமை யாவும் மகள் அலெக்சாந்த்ராவுக்கு. பின்னணியில் இருந்தவர் செர்த்கோவ். ஏதோ நடந்திருக்கிறது என்று சோஃபியா உணர்ந்துகொள்கிறாள், எங்கும் தேடுகிறாள். அவர் 'எனக்கு மட்டும்' என்று தலைப்பிட்டு ஒரு மறை நாட்குறிப்பைத் தொடங்கித் தம் காலணிக்குள் ஒளித்து வைக்கிறார். அவள் அதையும் கண்டெடுக்கிறாள். பகலில் அன்பைப் பற்றிய அச்சுப்படி. இரவில் காலணிக்குள் நாட்குறிப்பு! சிரிப்பதா, அழுவதா என்று தெரியவில்லை.

இதைச் சொல்லி அவரைப் பொய்யர் என்று முடித்துவிடுவது எளிது, பலர் முடித்துமிருக்கின்றனர். நாம் அப்படிக் கருதவில்லை. நலமாயிருப்பவன் நாள்தோறும் மருந்து குடிப்பதில்லை. காலைதோறும் மன்னிப்பைப் பற்றிய வாசகத்தை ஒருவர் தேடியெடுத்தார் என்றால், முந்தைய இரவு மன்னிக்க முடியாமல் கழிந்தது என்பதே அதன் பொருள். மேலும், தம் வாசகத் தொகுப்புக்கே ஓர் எதிர்ச்சான்றைத் தாமே எழுதி அந்நூலுக்குள் வைத்தவர் அவர். 'கொர்னேய் வசீலியெவ்' என்னும் கதை 'வாசிப்பு வட்ட'த்தின் வார வாசிப்புகளுள் ஒன்றாகவே வெளிவந்தது.

வசதி படைத்த குடியானவன் கொர்னேய். மனைவி மார்ஃபாவின் ஒழுக்கத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு, ஊர் திரும்பியதும் அவளை அடித்து நொறுக்குகிறான். குறுக்கே வந்த சிறு மகளின் கையும் முறிகிறது. வீட்டை விட்டுப் போய்விடுகிறான். பல ஆண்டுகளில் குடித்துச் சீரழிந்து, இரவலனாக ஊர்ப்பக்கம் வருகிறான். இரவில் தங்க இடம் தந்த இளம்பெண்ணின் வளைந்த கையைப் பார்த்ததும், இவள் தன் மகளென்று தெரிந்துகொள்கிறான். மறுநாள் மார்ஃபாவின் வாசலுக்குப் போய் மன்னிக்கும்படி கேட்கிறான். அவள் மன்னிக்கவில்லை, விரட்டிவிடுகிறாள். இரவெல்லாம் அவளுக்கு உறக்கமில்லை. விடிந்ததும் தேடிப் போகிறாள். மகள் வீட்டில் அவன் பிணமாகக் கிடக்கிறான். இனி மன்னிக்கவும் முடியாது, மன்னிப்புக் கேட்கவும் முடியாது. அவன் தன்னை மன்னித்தானா என்பதையும் அந்த இறுகிய முகத்திலிருந்து அவளால் அறிய முடியவில்லை. கதை அங்கே நின்றுவிடுகிறது. முந்நூற்றுச் சொச்சம் நாட்களின் பொன்மொழிகள் சொல்லாத ஒன்றை இச்சிறுகதை சொல்கிறது: மன்னிப்புக்குக் காலக்கெடு உண்டு.

இதே நூலில் செகாவின் 'அன்பே' கதையையும் சேர்த்துப் பின்னுரை எழுதினார் டால்ஸ்டாய். கணவன் மாறுந்தோறும் கருத்தும் மாறும் ஒலென்காவைச் செகாவ் கேலி செய்ய வந்தார்; ஆனால் சபிக்க வந்து வாழ்த்திச் சென்ற விவிலியத்துப் பிலேயாமைப்போல, அறியாமலே அவளைப் போற்றிவிட்டார் என்பது அவர் வாதம். தம் கருத்துக்கு ஒத்துவராத சில வரிகளைக் கதையிலிருந்து நீக்கவும் செய்தார். செகாவ் 1904-லேயே மறைந்துவிட்டதால் மறுப்புக் கூற ஆளில்லை. தன்னை முழுதும் கொடுத்துவிடும் பெண்ணின் அன்பை இவ்வளவு உயர்த்திப் பேசிய அதே வீட்டின் மாடியில், முழுதும் கொடுத்துவிட்ட ஒருத்தி இருந்தாள் என்பது படிக்கும்போது நினைவுக்கு வராமல் இராது.

1910 அக்டோபர் 28. (நாட்களைப் பழைய ருஷ்ய நாட்காட்டிப்படி தருகிறோம், இன்றைய கணக்குக்குப் பதின்மூன்று நாள் கூட்டிக்கொள்க.) நள்ளிரவுக்குப் பின், தம் படிப்பறையில் மனைவி தாள்களைத் துழாவும் ஓசை கேட்டு அவர் விழித்துக்கொண்டார். மீண்டும் உறக்கம் வரவில்லை. எழுந்து ஒரு கடிதம் எழுதினார். மருத்துவர் மக்கோவித்ஸ்கியையும் அலெக்சாந்த்ராவையும் எழுப்பினார். இருட்டிலேயே குதிரை பூட்டி, மருத்துவருடன் வீட்டை விட்டுப் புறப்பட்டார்.

கடிதத்தில் என்ன எழுதினார்? என் பிரிவு உனக்கு வருத்தம் தரும் என்று தொடங்குகிறார். இந்த வசதிகளுக்கு நடுவே இனி வாழ முடியவில்லை; தம் அகவையுடைய முதியோர் வழக்கமாகச் செய்வதையே, உலக வாழ்விலிருந்து விலகித் தனிமையில் இறுதி நாட்களைக் கழிப்பதையே, தாமும் செய்வதாகச் சொல்கிறார். தேடி வர வேண்டா என்கிறார். அதன்பின், தம்மோடு நேர்மையாக வாழ்ந்த நாற்பத்தெட்டு ஆண்டுகளுக்காக அவளுக்கு நன்றி கூறுகிறார். தாம் இழைத்த பிழைகளையெல்லாம் மன்னிக்கும்படி வேண்டுகிறார். அவள் செய்திருக்கக்கூடியவற்றைத் தாமும் முழு நெஞ்சோடு மன்னிப்பதாக எழுதுகிறார்.

நன்றி, மன்னிப்பு வேண்டுதல், மன்னித்தல் மூன்றும் ஒரே தொடரில்! எபிக்டெட்டசும் இல்லை, பாஸ்கலும் இல்லை. எவரையும் மேற்கோள் காட்டாமல், தம் சொந்தச் சொற்களில், ஒரே ஒருத்திக்கு எழுதியது. ஆனால் அதை எழுதிய கையோடு வாசற்கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். நன்றியை முகத்துக்கு நேரே சொல்ல அவரால் முடியவில்லை.

பிறகு நடந்தவை பலரும் அறிந்தவை. ஒப்தினா மடம், ஷமோர்தினோவில் துறவியாயிருந்த தங்கை மரியா, அங்கிருந்து மீண்டும் இரயில். வழியில் காய்ச்சல் கண்டு, அக்டோபர் 31 அன்று அஸ்தாபோவோ என்னும் சிறு நிலையத்தில் இறக்கப்பட்டார். நிலைய அதிகாரி ஓசொலின் தம் வீட்டையே ஒழித்துக் கொடுத்தார். நவம்பர் 2 இரவு சோஃபியா தனி இரயிலில் வந்து சேர்ந்தாள். செர்த்கோவ் உள்ளே இருந்தார். மனைவி வெளியே நிறுத்தப்பட்டாள். பிள்ளைகளும் மருத்துவர்களும் அவளைக் கண்டால் நோயாளியின் உயிருக்கே கேடு வரும் என்று அஞ்சினர். அவள் வந்திருப்பதையே அவரிடம் சொல்லவில்லை. அவள் கையால் தைத்த சிறு தலையணை ஒன்று மட்டும் உள்ளே போயிற்று. இது எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்டபோது, மூத்த மகள் தத்யானா கொண்டுவந்தாள் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கொடுத்தவள் பெயர் மறைக்கப்பட்ட அத்தலையணை, கடைசி நாட்களில் அவர் தலைக்கடியில் இருந்தது.

நவம்பர் 3 அன்று அவருடைய கடைசி நாட்குறிப்பு. அதில், கடமையைச் செய், வருவது வரட்டும் என்னும் பொருளுடைய பிரெஞ்சு முதுமொழி ஒன்றை எழுதத் தொடங்கி, கடைசிச் சொல்லை முடிக்காமல் விட்டிருக்கிறார். அறிஞர் வாசகங்களைத் தொகுத்தே முதுமையைக் கழித்தவரின் கை, கடைசியிலும் ஒரு வாசகத்தைத்தான் தேடியிருக்கிறது.

வெளியே சோஃபியா சன்னலருகே வந்து எட்டிப் பார்த்தாள். பிரெஞ்சு நிறுவனமொன்றின் படப்பிடிப்பாளர்கள் அதைச் சலனப்படமாகப் பிடித்தனர், இன்றும் காணலாம். முக்காடிட்ட முதியவள் ஒருத்தி வீட்டைச் சுற்றி வருகிறாள். நவம்பர் 7 விடியலுக்கு முன், அவர் நினைவிழந்த பின்னரே அவளை உள்ளே விட்டனர். மண்டியிட்டு, மன்னித்துவிடும்படி காதருகே முணுமுணுத்தாள் என்று உடனிருந்தோர் எழுதியுள்ளனர். காலை 6.05-க்கு உயிர் பிரிந்தது. மார்ஃபாவின் கதையை எழுதிய நான்கைந்து ஆண்டுகளுக்குள், அவர் வீட்டிலேயே அது நடந்து முடிந்தது.

ஒன்றை முன்பு சொல்லாமல் விட்டுவிட்டோம்.

அக்டோபர் 28 காலை, சோஃபியா எழுந்தபோது நேரம் பதினொன்றை ஒட்டியிருந்தது. கணவரைக் காணாமல் தேடினாள். அலெக்சாந்த்ரா அந்தக் கடிதத்தைக் கையில் கொடுத்தாள். செயலாளராயிருந்த இளைஞர் புல்ககோவ் தம் நாட்குறிப்பில் இதைப் பதிந்திருக்கிறார். சோஃபியா பிரித்து, முதல் வரியை, பிரிவு வருத்தம் தரும் என்னும் அந்த வரியைப் படித்தாள். அதற்குமேல் கண் செல்லவில்லை. தாளை நூலக மேசைமேல் எறிந்துவிட்டு வெளியே ஓடினாள். முழுவதும் படியுங்கள், உள்ளே ஏதேனும் இருக்கலாம் என்று மகள் பின்னால் நின்று கூவியது அவள் காதில் விழவில்லை. தோட்டத்தின் ஊடே ஓடிக் குளத்தில் விழுந்தாள். அலெக்சாந்த்ராவும் புல்ககோவும் குதித்து அவளைக் கரையேற்றினர்.

அவளை நனைந்த உடையோடு வீட்டுக்கு அழைத்து வந்தபோது கடிதம் மேசைமேல் கிடந்தது. நாற்பத்தெட்டு ஆண்டுகளுக்கான நன்றி, அதன் பிற்பகுதியில் இருந்தது.